பச்சையைக் குறைத்தவள்

என் தங்கைக்கு வானத்திலிருந்து எடுத்த படங்களோடுதான் பிழைப்பு. செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைக் கணினியில் விரித்து, மழை குறைந்த எங்கள் மேய்ச்சல் காட்டில் எங்கே புல் மறுபடி பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மேலேயிருந்து பார்ப்பது ஆண்டவன் வேலை என்பேன். "அவரும் பாக்கட்டும்க்கா, நானும் பாக்குறேன்" என்பாள்.

அந்த வருஷப் படத்தில் காடெங்கும் பச்சை. அவளுடைய அதிகாரிக்கு வாயெல்லாம் பல். புல் விதைக்கும் திட்டம் ஜெயித்துவிட்டது, மூடிவிடலாம் என்று அறிக்கை எழுதி நீட்டினார். இவள் கையெழுத்து இல்லாமல் அது மேலே போகாது. இவளோ கோடையில் எடுத்த படத்தைத் திறந்து காட்டினாளாம்.

"புல்லுன்னா கோடையில காஞ்சிருக்கணும் சார். இது காயவே இல்ல. அத்தனையும் முள்ளுச்செடி. இப்பத் திட்டத்தை மூடினா ஆடு எதைத் திங்கும்?"

"பச்சைன்னா பச்சைதான்மா. எதுக்கு வம்பு?"

"பாசியும் பச்சைதான் சார். சோத்துல போட்டுச் சாப்பிடுவீங்களா?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்தைப் போட்டுத் தொலையேன்டி. வேலை போயிட்டா?"

"நீ சாமி முன்னால நின்னு பொய் சொல்லுவியாக்கா?"

எழுந்து போய் அவளுக்குச் சோறு போட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆடு மேய்க்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினாள். அரிவாளோடு நானும் போனேன். வெட்டினால் துளிர்க்கும் சனியன் அந்த முள்ளு. வேரோடு தோண்டினோம். வாரா வாரம் போனோம், கையெல்லாம் கீறல்.

அடுத்து வந்த படத்தில், பச்சைக்கு நடுவே மொட்டைத்தலை மாதிரி ஒரு செம்மண் திட்டு. அதிகாரி குதித்தாராம்.

"யாரு இந்தப் பச்சையைக் குறைச்சது?"

"நான்தான் சார். எங்க அக்காவும்."

"மெமோ குடுப்பேன்!"

"தாராளமா குடுங்க. முள்ளை வெட்டினாள்னு எழுதுங்க. அது உண்மை, உடனே கையெழுத்துப் போடுறேன்."

மெமோ வந்தது. போட்டாள். அறிக்கை மட்டும் இன்னும் அவர் மேசையில் கிடக்கிறது, திட்டத்தையும் மூடவில்லை. வேலை நிலைக்குமா என்று தெரியாது. ஆண்டவனிடம் மழை கேட்டிருக்கிறேன். தங்கை புல் விதையை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.