சேவியரின் கையெழுத்துக்கு மேல் நான் எழுதியது

பதினெட்டுப் பேரின் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் நான். இயந்திரம் அல்ல... நான்! என் பேனா!

இதைப் படிக்கும் நீங்கள் விம்கோ நகர்த் தெருமுனையில் என் பேச்சைக் கேட்டிருக்கலாம். “உழைக்கிற மனிதனிடம் வரி வாங்குகிறீர்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிய இயந்திரத்திடம் ஏன் வாங்கக் கூடாது?” என்று நான் முழங்கியபோது கைதட்டியும் இருக்கலாம். அந்தக் கைதட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். இல்லை... பொய் சொல்கிறேன். வேண்டும். இப்போதும் வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே பத்தொன்பது பேர் கிரேன் ஓட்டினோம். நானும் அவர்களில் ஒருவன். சங்கச் செயலாளரும் நானே. ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் குனிந்து உட்கார்ந்து, காலடியில் தெரியும் பெட்டிகளைத் தூக்கி அடுக்குவது எங்கள் வேலை. எங்களில் மூத்தவர் ராயபுரம் சேவியர். அவர் இறக்கிவைக்கும் பெட்டி தரையைத் தொடும் சத்தம் கேட்காது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களைக் கண்டால் எனக்கு ஏனோ பற்றிக்கொண்டு வரும். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

யார்டில் ஒரு பழக்கம் இருந்தது. விடுப்பு, முறையீடு, மகளின் பள்ளிக்கு விண்ணப்பம், எதுவானாலும் எழுதுபவன் நான்தான். என் கையெழுத்து அழகு. என் தமிழ் அதைவிட அழகு. ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும், யாருக்கும் நிற்க நேரமிருக்காது. ஆகவே வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்தைப் போட்டு, விஷயத்தை வாயால் சொல்லிவிட்டு ஓடுவார்கள். நான் பிறகு சாவகாசமாக மேலே எழுதி அலுவலகத்தில் கொடுப்பேன். என்ன எழுதினாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. என்ன முட்டாள்கள்! என்ன நம்பிக்கை!

பிறகு கிரேன்களுக்குக் கண்ணும் மூளையும் பொருத்தினார்கள். கூண்டில் ஆள் தேவையில்லை. குளிரூட்டிய அறையில் ஒருவன் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அதே நாட்களில்தான் இயந்திரத்துக்கு வரி போடலாமா என்ற சண்டை சூடு பிடித்திருந்தது. வரி போட்டால் கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும் என்றார்கள் முதலாளிகள். போகட்டுமே என்றேன் நான், மேடையில். அந்த வாதமெல்லாம் எனக்குக் கால்தூசி.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் நான் அஞ்சினேன். “இயந்திரம்தான் அவனை அனுப்பியது என்பதற்கு என்ன சான்று? அவனாகவே போயிருந்தால்?” இந்தக் கேள்வியை எவனாவது கேட்டுவிடுவானோ என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சைச் சீக்கிரமே முடித்துக்கொள்வேன். எங்கள் கோரிக்கையின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அதனால்தான் குறி பார்த்துக் குத்த முடிந்தது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

“கன்ட்ரோல் ரூம்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு. அதுல நீங்க உக்காந்தா நல்லா இருக்கும்னு நினைக்கிறேன். மத்தவங்க விலகல் கடிதம் மட்டும் பிரச்சினை இல்லாம வரணும்” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். அதற்குமேல் அந்த மனிதர் ஒரு சொல்லும் கேட்கவில்லை! அதற்குமேல் கொடுத்தவன் நான்.

விலகல் கடிதம் கொடுத்தால்தான் கணக்கு முடித்துப் பணம் தருவோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. முதல் தாள் சேவியருடையது. சிக்குன்குனியா காய்ச்சலில் முகம் வீங்கி, விரல்களை மடக்க முடியாமல் வந்து நின்றார்.

“தலீவரே, ஒடம்பு நெருப்பா கொதிக்குது. கீய கையெய்த்து போட்டுட்டேன். மிசினு வந்துச்சி, வேல பூட்ச்சி, அதான் போறேன்... இத்த மட்டும் நல்லா அடிச்சி எய்து!”

அடித்துத்தான் எழுதினேன். ‘உடல்நலக் குறைவால் என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்.’ எழுதி முடித்த பிறகும் கையெழுத்துக்கு மேலே இரண்டு வரிக்கு இடம் மிச்சமிருந்தது. அந்த வெள்ளை என் கண்ணை உறுத்தியது. ‘புதிய இயந்திரங்களுக்கும் என் முடிவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என உறுதி கூறுகிறேன்’ என்று சேர்த்தேன். வரி கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த அழகைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்தேன்... ஆம், மகிழ்ந்தேன்!

இடம் மிச்சமிருந்ததால்தான் எழுதினேனா? பல நாள் அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அதை யாரும் பிடுங்க முடியாதபடி வேண்டும்.

மற்ற பதினேழு பேரும், “சேவியருக்கு எய்துனாப்பலயே நமக்கும் எய்திடு தலீவரே” என்று கையெழுத்துப் போட்ட தாள்களை நீட்டினார்கள். அப்படியே எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து, இயந்திர வரி பற்றிக் கருத்துக் கேட்க அரசு அமைத்த ஒரு குழு திருவொற்றியூருக்கு வந்தது. இயந்திரத்தால் வேலை போனது உறுதியானால், அந்தப் பதினெட்டுப் பேருக்கும் மறுவேலை கொடுக்கும்படி பரிந்துரைப்பதாகக் குழுத் தலைவர் சொல்லியிருந்தார். சாட்சி சொல்ல எல்லாரும் சேர்ந்து சேவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். தடுக்க எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. கடிதங்கள் வெளியே வராது என்று நம்பினேன். வந்தாலும் மாட்டுவது அவர்தானே என்றும் நினைத்தேன்.

சேவியர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். “மனுசன் சாப்புடறான், வரி கட்றான். மிசினு ரெண்டும் பண்ணாது சார்” என்றார். கூட்டம் சிரித்தது, குழுவினரும் சிரித்தார்கள். அவர் ஜெயித்துக்கொண்டிருந்தார்! எனக்கு வயிறு எரிந்தது. நான் எத்தனையோ மேடைகளில் தொண்டை கிழியப் பேசியதை அந்த மனிதர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாரே...

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து கடிதத்தை வாசித்தார். நிறுத்தி, நிதானமாக, என் தமிழை ரசித்து வாசித்தார்.

“இது உங்கள் கையெழுத்தா?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

“என்துதான் சார்.”

“இந்த வாசகம் நீங்கள் சொல்லி எழுதியதா?”

சேவியர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

“நான் சொல்லிதான் எய்துனாங்கோ சார்” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் நான் வெறும் கோழை. நிற்கவில்லை. வெளியே வந்ததும் சேவியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னா தலீவரே இது? நானா அப்டி சொன்னேன்?” என்று கேட்டார். கோபமே இல்லாத கேள்வி. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்?

“நீதாண்ணே சொன்ன. மிசினுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு போடுன்னு நீதான் சொன்ன. அன்னிக்கி உனக்குக் காய்ச்சல், நெனப்பில்ல.”

நம்பிவிட்டார்! தன் நினைவைவிட என் வாயை நம்பினார்.

“ஐயோ சேசுவே... என்னப் பாத்துதான எல்லாம் எய்த சொன்னாங்கோ. பதினேழு குடும்பத்த நானே கெடுத்துட்டனே!”

நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தேன், கேட்கிறீர்களா?

குழுவின் அறிக்கையில் எங்கள் யார்டின் பெயரே இல்லை. சேவியர் கொருக்குப்பேட்டை வரை வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒருவன் கதவைச் சாத்தினான். ஒருவன் முகத்திலேயே துப்பினான். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாராம்.

அவர் மனைவி பிலோமினா மட்டும் என் வாசலில் வந்து நின்றார். “காச்சல்ல கூட எம் புருசன் கிரேனு பேரச் சொல்லித்தான் அனத்திக்கினு கெடந்தாரு. அவரா மிசினு மேல தப்பில்லன்னு சொல்லுவாரு?”

“உன் புருசன் மேல உனக்கே நம்பிக்க இல்லயா அண்ணி?” என்றேன். அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று இரவு நன்றாகவே தூங்கினேன்.

போன வாரம் சேவியர் வந்தார். இரண்டு வெள்ளைத்தாள்கள், இரண்டிலும் அடியில் கையெழுத்து. “குழுவுக்கு ஒண்ணு எய்து தலீவரே. தப்பு என்து, மத்தவங்களுக்கு வேல குடுங்கோன்னு எய்து.”

எழுதினேன். ‘இப்பிழைக்கு நானே முழுப் பொறுப்பு, வேறு எவரும் காரணமல்லர்.’ முதல் முறையாக வாசித்துக்காட்டச் சொன்னார். வாசித்தேன். கேட்கக் கேட்க அவர் கண் நிறைந்தது.

“என் மனசுல கீறத அப்டியே எய்திட்ட... உன்னாட்டம் யாராலயும் முடியாது” என்றார்.

இரண்டாவது தாள் எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும். எப்பனா ஒதவும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அது இந்தக் கன்ட்ரோல் அறையில், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எதிரே திரையில் அவருடைய கிரேன் ஆளில்லாமல் நகர்கிறது. அந்தத் தாளில் அவர் கையெழுத்துக்கு மேலே உண்மையை எழுதிவிட நாலே வரி போதும். எழுதவில்லை... கிழிக்கவும் இல்லை. என்றைக்காவது எனக்கு உதவும் என்றுதான் வைத்திருக்கிறேன்.