சாம்பலில் வைத்த கால்

வர்பனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி எங்கள் பல்கேரிய மலையடிவாரத்தில் இன்னொருவன் பிறக்கவில்லை என்று அவன் மனைவி ஸ்டோய்னாவே சொல்லுவாள். நாய்க்குப் பயம், போலீசுக்குப் பயம், இடிக்குப் பயம், ஸ்டோய்னாவின் அம்மாவுக்குப் பயம். செப்புச் சுரங்கத்தில் பதினேழு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், வீட்டில் ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றாலும் மெயினை அணைத்துவிட்டு, அணைந்துதான் இருக்கிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்த பிறகே ஏணியில் ஏறுவான். இப்பேர்ப்பட்டவன் புதையல் தேடப் போனான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் போனான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரில் பாதி ஆம்பிளைகள் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டோய்னா இத்தாலியில் யாரோ ஒரு படுத்த படுக்கையான கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவனும் ஏழு வயது மகள் ரூஜாவும்தான். பழைய ரேடியோ பாகங்கள், துடைப்பக் கட்டை, செப்புக் கம்பி சுற்றிய ஒரு வளையம், காதில் மாட்ட ஒரு ஹெட்போன். இவ்வளவையும் வைத்து அவனே ஒரு மெட்டல் டிடெக்டர் செய்துகொண்டான். வளையத்தைத் தரையோடு தரையாக, புல் நுனி உரச, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்க வேண்டும். துருப்பிடித்த ஆணி என்றால் தவளை மாதிரிக் கரகரக்கும். செம்பு, வெள்ளி, பொன் என்றால் குரல் சுத்தமாக வரும். மூன்று வருஷத்தில் அவனுக்குக் கிடைத்தவை: லாடங்கள் ஒரு சாக்கு, துப்பாக்கித் தோட்டாக் கூடுகள், இரண்டு துருக்கிக் காசு, ஒரு ஜெர்மன் கரண்டி. கரண்டி இன்றைக்கும் சர்க்கரை டப்பாவில் கிடக்கிறது.

கூட்டாளி ஸ்டாமென், அடுத்த தெருக்காரன், முன்னாள் லாரி டிரைவர். தன்னைக் கைராசிக்காரன் என்று தானே சொல்லிக்கொண்டு திரிகிற ரகம். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அக்டோபரில் ஒரு மத்தியானம், வால்நட் மரம் நிற்கும் குன்றில், வர்பனின் காதில் அந்தச் சுத்தமான குரல் கேட்டது. நீளமாக, அழுத்தமாக, எந்தப் பக்கம் வீசினாலும் மாறாமல். ஹெட்போனை வாங்கிக் கேட்ட ஸ்டாமெனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தோண்டலாமா அண்ணே?" என்றான் வர்பன்.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? சாம்பல் போடாம தோண்டினவன் எவன்டா உசுரோட இருக்கான்?"

அது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். புதையலுக்குக் காவல் உண்டு. காவல் பலி கேட்கும். என்ன பலி என்று தெரிய, பொழுது சாயுமுன் அந்த இடத்தில் சலித்த சாம்பலைப் பரப்பிவிட்டு வர வேண்டும். காலையில் சாம்பலில் கோழிக்கால் தடம் இருந்தால் கோழி. ஆட்டுக் குளம்பு இருந்தால் ஆடு. மனுஷக் கால் இருந்தால் மனுஷன். நீ கொடுக்காவிட்டாலும் காவல் தானாக எடுத்துக்கொள்ளும், தோண்டின அன்றே.

வர்பன் தன் வீட்டு அடுப்புச் சாம்பலைச் சலித்து வாளியில் எடுத்துக்கொண்டான். வாசற்படியில் ரூஜா நின்றாள்.

"அப்பா, சாம்பல எங்க கொண்டு போற?"

"வெதைக்க."

"சாம்பலு மொளைக்குமா?"

"மொளைக்கும், மொளைக்கும். உள்ள போ, பனி விழுது." பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வெயில் குன்றின் மேல் ஏறும்போது இருவரும் போனார்கள். ஒரு ரொட்டித் தட்டு அகலத்துக்குத்தான் சாம்பல் பரப்பியிருந்தார்கள். நட்டநடுவில் ஒரே ஒரு தடம். வெறுங்கால். சின்னக் கால்.

ஸ்டாமென் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டான். "கொழந்தை கேக்குதுடா."

வர்பனுக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. அந்தத் தடத்தில் நான்கு விரல்தான் இருந்தது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. ரூஜாவுக்கு நான்கு வயதில் அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தபோது வலது கால் சக்கரத்தில் சிக்கி அறுந்துபோன சுண்டுவிரல் அது. அவன் ஓட்டிய சைக்கிள். வால்நட் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"போயிடலாம்ணே. வேணாம்."

"போறதா? அந்தச் சத்தம் உன் காதுல விழல? பானை நெறைய இருக்குடா!" ஸ்டாமென் மண்வெட்டியை எடுத்தான். "எவன் வீட்டுக் கொழந்தையோ. எங்கயோ ஒரு ஊர்ல காய்ச்சல் வந்து போவும். நாமளா கழுத்த நெரிக்கிறோம்? நமக்குத் தெரியவா போவுது?"

மனுஷ நாக்கு இப்படியும் பேசும். அவனுக்குத் தெரியாது, அது யார் வீட்டுக் குழந்தை என்று. வர்பன் சொல்லவும் இல்லை. சொன்னால் அந்தப் பெயர் காவலின் காதில் விழுந்துவிடும் என்று பயம். குனிந்து தன் வலது பூட்ஸைக் கழற்றினான். காலுறையை உரித்தான். அந்தச் சின்னத் தடத்தின் மேல், அது கொஞ்சமும் தெரியாதபடி, தன் காலை வைத்து அழுத்தினான்.

"பைத்தியமாடா நீ? உன்னையே எழுதிக் குடுத்துட்டியே!" என்று ஸ்டாமென் அலறினான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினான். பலி என்று குறிக்கப்பட்டவன் பக்கத்தில் நிற்க அவனுக்குத் தைரியம் இல்லை. அப்புறம் சாகும்வரை அந்தக் குன்றுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

வர்பன் வீட்டுக்கு வந்தபோது ரூஜா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது. அன்றைக்கே டிடெக்டரைப் பிரித்து அடுப்பில் போட்டான், எரியாததைக் கிணற்றில் போட்டான்.

அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அவன் வாழ்ந்தது ஒரே பயத்தில்தான். தோண்டாதவரை காவல் கேட்காது. தோண்டினால் அன்றே தன் உயிர் போகும். இது அவன் கணக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை குன்றுக்குப் போய் மண் கலைந்திருக்கிறதா என்று பார்ப்பான். கருவியோடு எவனாவது அந்தப் பக்கம் போவது தெரிந்தால், குலை நடுங்கிக்கொண்டே போலீசுக்குப் போன் போடுவான். ஊரார் அவனைக் காட்டிக்கொடுப்பவன் என்றார்கள். ஒரு வாய் ரக்கியா சாராயம் குடிக்கக்கூட எவனும் கூப்பிடுவதில்லை. ரூஜா படித்தாள், நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆனாள். அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கின் முன்னால் எழவு வீட்டில் உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். இன்னொரு வருஷம் கிடைத்துவிட்டதே என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பான். அவளுக்கு அது எங்கே தெரியும்?

பதினெட்டாம் வருஷம் பிறந்தது. ஒரு வியாழக்கிழமை குன்றில் சிவப்புக் குச்சிகள் முளைத்திருந்தன. ஊருக்குக் குடிநீர்க் குழாய் வருகிறதாம். திங்கட்கிழமை பொக்லைன் வருகிறதாம்.

வர்பன் வீட்டுக்கு வந்து மகளுக்குப் போன் போட்டான். "பாதாள அறையில மொளகா ஊறுகா பன்னெண்டு பாட்டில் இருக்கு. வீட்டுப் பத்திரம் அலமாரில, துணிக்குக் கீழ. அம்மாவ எப்பவும் கோச்சுக்காத."

மறுநாளே ரூஜா வந்து நின்றாள். வந்ததும் அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "என்னப்பா ஒடம்புக்கு? மறைக்காத. நான் நர்ஸு."

மறைக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. சாம்பலை, தடத்தை, ஸ்டாமென் பேசினதை, தன் காலை என்று எல்லாவற்றையும் அடுப்பைப் பார்த்தபடி சொல்லி முடித்தான். நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"அப்பா, அது எங்காலுதான்."

"எனக்குத் தெரியுமே. அதான் சொல்றேன்."

"ஐயோ, அது இல்லப்பா. நானேதான் அங்க போனேன். வெதைக்கப் போறேன்னு சொன்னியே, மொளைச்சிருக்கான்னு பாக்க, வழியில சாம்பல் சிந்தியிருந்தத புடிச்சுக்கிட்டே விடியும்போது ஓடினேன். செருப்பு மாட்டினா நீ முழிச்சுப்பேன்னு வெறுங்காலோட. ஒண்ணும் மொளைக்கல. ஒரு மிதி மிதிச்சுட்டுத் திரும்பிட்டேன். அடிப்பியோன்னு சொல்லல, அப்புறம் மறந்தே போச்சு."

அவன் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் சிரித்திருப்பான். வர்பனுக்கோ இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வற்றியது. அப்படியானால் அந்தத் தடம் காவல் போட்ட குறி அல்ல. அவளுடைய சொந்தக் காலே காவலின் மேல் பட்டிருக்கிறது. தூங்குகிற பிள்ளையை எழுப்பி அங்கே வரவழைத்தது எது? தன் காலை மேலே வைத்தது செல்லுமா செல்லாதா?

"நீ கெளம்பு. இப்பவே பஸ்ஸப் புடி. திங்கக்கெழம நீ இந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

"முடியாது. தோண்டும்போது உம்பக்கத்துல நிப்பேன். அப்பத்தான் உனக்கு இந்தப் பைத்தியம் தெளியும்."

கெஞ்சினான், கத்தினான், முழங்காலிட்டான். அம்மாவின் பிடிவாதம் அவளிடம் அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை வர்பன் முகச்சவரம் செய்து, தன்னைப் புதைக்க என்று எடுத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டான். "என்ன மாமா, பொண்ணு பாக்கவா?" என்று பொக்லைன் டிரைவர் கேலி செய்தான். வர்பன் ரூஜாவைத் தனக்குப் பின்னால் தள்ளித் தள்ளி நிறுத்தினான். அவள் முன்னால் முன்னால் வந்தாள். இயந்திரத்தின் கை வால்நட் மரத்தடியில் இறங்கியது. முதல் வாரலில் மண். இரண்டாவதில் மண்ணும் வேரும். அவன் மகளின் தலையைத் தன் கோட்டுக்குள் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான். என்னை எடு, என்னை எடு, என்று உதடு முணுமுணுத்தது. மூன்றாவதில் உலோகம் உரசும் சத்தம் வந்தது.

இயந்திரம் நின்றது. யாரோ இறங்கினார்கள். யாரோ சிரித்தார்கள்.

"அட, தகடுய்யா!"

பச்சை பூத்த செப்புத் தகடு, ஒரு தட்டம் அளவு, முனையில் அறுந்த கம்பி. டிரைவர் அதைப் புல்லில் தேய்த்து நீட்டினான். வர்பன் வாங்கிப் பார்த்தான். மூலையில் உளியால் அடித்த எண்: 212. சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் ஒவ்வொருவரும் மின்கம்பத்தடியில் தாம் புதைக்கும் எர்த் தகட்டில் தம் எண்ணை அடிக்க வேண்டும் என்பது விதி. 212 வர்பனின் எண்.

சுரங்கத்துப் பம்புக்குப் போன மின்கம்ப வரிசையில் அவனே அறுபது தகடு புதைத்திருந்தான். சுரங்கம் மூடினதும் கம்பங்களை இரும்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பம் போன பிறகு எந்தக் குன்றில் எது கிடக்கிறது என்று எவனுக்கு நினைவிருக்கும்? தான் புதைத்ததைத் தானே கண்டுபிடித்து, தானே அதற்குச் சாம்பல் போட்டிருக்கிறான்.

ஆட்கள் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். ரூஜா சிரிக்கவில்லை.

"அப்பா, அன்னிக்கு செத்துடுவோம்னு நெஜமா நம்பித்தானே கால வெச்ச?"

வர்பன் எங்கள் ஊர்க்காரர்கள் ஆமாம் என்பதற்கு ஆட்டுவது போலத் தலையை இடவலமாக ஆட்டினான். அவள் குனிந்து அவன் வலது பூட்ஸில் அப்பியிருந்த மண்ணைக் கையால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

தகட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். ஊர் முனையில் மேய்ப்பனின் நாய் ஒன்று குரைத்தது. வர்பன் சட்டென்று மகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.