ஐந்து பல்லும் ஒரு காப்பும்

பல் பிடுங்கப் போவதற்குச் சென்னம்மாள் ஒரு விதமாகத் தயாரானாள். அவள் புருஷன் செங்கோடன் இன்னொரு விதமாகத் தயாரானான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம் அது. கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் சாமையும் மிளகும் விளைவித்துக்கொண்டிருந்த சென்னம்மாளுக்கு, புகையிலை அடக்கும் இடது கன்னத்தில் புண் வந்து ஆறவே இல்லை. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் துணுக்கு வெட்டிப் பார்த்து, புற்று என்றார்கள். மதராஸிலிருந்து ரேடியம் ஊசி வரும், அதைக் கன்னத்தில் ஏழு நாள் செருகி வைப்போம் என்றார் டாக்டர். ஊசி வருவதற்குள் அந்தப் பக்கத்துச் சொத்தைப் பல் ஐந்தையும் பிடுங்கி, ஈறு ஆறியிருக்க வேண்டும். ஊசி வைத்த பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே அழுகிவிடுமாம்.

"வெள்ளிக்கிழமை பல் பிடுங்க வரணும், தவறக் கூடாது. தவறினா ஊசி வேற ஆளுக்குப் போயிடும். சம்மதம்னு கைநாட்டு வைக்கப் புருஷனையும் கூட்டிட்டு வா" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

சென்னம்மாள் சொன்னபடி கேட்டாள். புகையிலையை விட்டாள். அது லேசுப்பட்ட காரியமா? முதல் நாலு நாள் யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள், கோழியைக்கூட விடவில்லை. மூன்று வேளையும் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தாள்.

செங்கோடனுக்குக் கொப்பளிக்க ஒன்றும் இல்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. மாரியம்மன் நோன்புக்குப் பூசாரி மாதேஸ்வரன் காப்புக் கட்ட வந்த செவ்வாய்க்கிழமை, பெண்டாட்டிக்குச் சுகமாக வேண்டும் என்று முதல் ஆளாகக் கையை நீட்டிவிட்டான். மஞ்சள் கயிறு ஏறின பிறகுதான் உறைத்தது. காப்புக் கட்டியவன் ஒன்பது நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் மட்டுமா, ஊர் ஆண்கள் அத்தனை பேர் கையிலும் காப்பு. கூடப் போக ஒரு ஆள் இல்லை.

"உனக்காவத்தான் புள்ள கட்டுனேன்" என்றான், தப்புச் செய்த முகத்தோடு.

வந்த கோபத்தில் சென்னம்மாளுக்குப் புண் வலியே மறந்துபோனது. ஆனாலும் திட்டவில்லை. பாவம், கூறுகெட்ட பாசம். இதற்குப் போய் என்னவென்று திட்டுவது?

வியாழக்கிழமை விடிந்ததும் தனியாகக் கிளம்பினாள். காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி பஸ் ஏற வேண்டும். கைநாட்டை நானே வைக்கிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சிக்கொள்ளலாம். செங்கோடன் எல்லைக் கல் வரைக்கும் வந்து நின்றுவிட்டான்.

பத்தடி இறங்கினாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. பல் பிடுங்கும் இடுக்கியைப் பார்த்து அவளுக்குப் பயமில்லை. மூன்று பெற்று மூன்றையும் மண்ணுக்குக் கொடுத்தவள். பயம் வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிவிட்டால், இவள் இன்னார், இன்ன ஊர் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். அநாதைப் பிணமாகக் கிடக்க வேண்டியதுதான். திரும்பி ஏறி வந்தாள்.

"ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க. நீங்க வராட்டி நான் போவல."

இத்தனை வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவள் வாயில் அவன் கேட்டதே இல்லை.

"காப்ப அவுத்தா ஆத்தா கோவிச்சுக்குமே. உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"எனக்காவத்தான கட்டுனீங்க? எனக்காவவே நான் அவுக்கறேன். குத்தம் என்னையச் சேரட்டும்."

செங்கோடன் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அவிழ்த்தால் நோன்பு முடியும்வரை ஊருக்குள் கால் வைக்க முடியாது. அவளுக்கு ஏதாவது ஆனால், ஊர் மன்னித்தாலும் அவன் நெஞ்சு அவனைச் சும்மா விடாது. கடைசியில் கையை நீட்டினான்.

முடிச்சு இறுகியிருந்தது, நகத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. சென்னம்மாள் குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். புண்ணில் சுரீர் என்றது, அவிழும்வரை விடவில்லை. கயிற்றைக் கல்லின் மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் ஐந்து பல்லும் பீங்கான் கிண்ணத்தில் விழும்வரை அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் செங்கோடன்தான். பிறகு நர்ஸ் நோட்டோடு வந்து பெயர் கேட்டாள். சென்னம்மாளின் வாய் நிறையப் பஞ்சு.

"சென்னம்மாளுங்க. எம் பொண்டாட்டி. கொல்லிமல, எடப்புளி நாடுங்க" என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னான் செங்கோடன்.