பஸ் நிறுத்தத்துக்கு வந்த வகுப்பு

கொரோனாவுக்குப் பிறகு கல்லூரி திறந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். விருதுநகர் மாவட்டத்தில், ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற பஸ் பாதையில் எங்கள் கிராமம். நான் பி.காம். முடித்துவிட்டு, சரியாகச் சொன்னால் முடிக்காமல், வீட்டில் இருந்தேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். இங்கிலீஷில் மட்டும் இரண்டு தாள் அரியர். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவன். கல்லூரியில் இங்கிலீஷ் வகுப்பு என்றால் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்வேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அம்மா பட்டாசு கம்பெனியில் வேலை. அப்பாவும் அங்கேதான் இருந்தார். வெடிமருந்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த மருந்து அறையில் நடந்த விபத்தில் அப்பாவின் வலது கை வெந்து, விரல்கள் மடங்காமல் போய்விட்டன. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஆர்டர் பிரிவுக்கு ஆள் தேவை, டிகிரி சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். அது அமையாவிட்டால் அடுத்த சீசனுக்கு நானும் மருந்து அறைக்குத்தான் போக வேண்டும். அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு நாள், சோறு போடும்போது சொன்னார்: "நீ எந்த வேலைக்கு வேணும்னாலும் போ. அந்த ரூமுக்குள்ள மட்டும் உன்னைய நான் பாக்கக் கூடாதுலே."

அம்மாவின் கம்பெனியில் பாக்கிங் செய்கிற ஓர் அக்கா உண்டு. பக்கத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர். எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவர். முகாமிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு அவரால் விண்ணப்பிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்குச் சாயங்காலம் முகாம் பிள்ளைகளுக்கு இலவசமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா என் அரியர் கதையை அவரிடம் சொல்ல, அனுப்பி வையுங்கோ என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குத் தயக்கம்தான். எங்கள் ஊரிலிருந்து முகாமுக்குப் போவது என்றால் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிடப் போவதுதான். படிக்கப் போனவன் யாரும் இல்லை.

சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை, ஒரு ஃபேன், ஒரு கரும்பலகை. ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகள் நடுவில் நான் கால் மடக்கி உட்கார்ந்தேன். எந்த வகுப்பு என்று ஒரு சிறுமி கேட்டாள். காலேஜ் முடித்துவிட்டேன் என்றேன். "பிறகு ஏன் இங்க வந்திருக்கிறீங்கள்?" என்றாள். அக்கா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு இந்தியா அண்ணா என்று பெயர். அந்தப் பிள்ளைகள் பிறந்ததெல்லாம் சாத்தூரிலும் சிவகாசியிலும்தான். ஆனாலும் அந்தக் கொட்டகைக்குள் இந்தியா நான் ஒருவன்தான்.

அக்கா நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட பட்டாசுப் பெட்டிகளைக் கொண்டுவந்து, மேலே அச்சடித்திருக்கும் இங்கிலீஷ் எச்சரிக்கைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். என் அம்மா இத்தனை வருஷமாக மடித்துக்கொண்டிருந்த பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

முகாமில் மாதம் ஒருமுறை அதிகாரி வந்து ஆட்களைச் சரிபார்ப்பார். வேலைக்குப் போகிறவர்களும் இருக்கட்டும் என்று அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. அதிகாரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தபோது, மீசையோடு ஒருவன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான். யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே வரக் கூடாது, இனிமேல் வராதே தம்பி என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முகாம் தலைவரைக் கூப்பிட்டு, மறுபடி இப்படி நடந்தால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். தலைவர் தலையைத் தலையை ஆட்டினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிட்டேன்.

"நம்மனால அதுகளுக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுலே. விட்டுரு" என்றார் அம்மா. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. மருந்து அறை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

சனிக்கிழமை வேலை விட்டு வந்த அம்மா, நாளைக்குச் சாயங்காலம் முகாம் பஸ் நிறுத்தத்துக்கு வரச் சொல்லுச்சு அந்தப் புள்ள என்றார். நோட்ஸ் ஏதாவது எழுதிவைத்திருப்பார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

நிறுத்தத்தில் வகுப்பே உட்கார்ந்திருந்தது. சிமென்ட் திண்டில் பாதிப் பேர், தரையில் சாக்கு விரித்துப் பாதிப் பேர். கரும்பலகையைத் தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை முகாமுக்குள்ளிருந்து பிள்ளைகள் தூக்கி வந்தார்களாம். வழியில் அதன் ஒரு கால் கழன்றுவிட்டதாம். அதற்குக் காரணம் நான்தான் என்பதுபோல ஆளாளுக்கு என்னிடம் முறையிட்டார்கள். எதிரே கருவேலங்காடு. லாரி போனால் புழுதி அப்படியே பலகையில் வந்து படிந்தது.

எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. எனக்காக வேண்டாம் அக்கா, பிள்ளைகளுக்கு அங்கே ஃபேனாவது இருக்கிறது என்றேன்.

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுகள் எல்லாம் எப்படியும் பாஸாகிடும் தம்பி. ஃபெயில் ஆகிறதுக்கெண்டு இந்த வகுப்பில நீங்கள் ஒராள்தான் இருக்கிறியள். உங்களை விட்டா எனக்கு என்ன வேலை? இருங்கோ."

இருந்தேன்.

பகலில் முகாம் ஆட்கள் வெளியே வரலாம், ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் நாலு மணிக்குத் தொடங்கி ஆறுக்கு முன்பே முடிந்துவிடும். முதல் வாரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷமாகக் கதவைத் திறந்தார். ஒருவரும் ஏறவில்லை. "ஏறலைனா பெறகு என்னத்துக்கு இம்புட்டுப் பேரு நிக்கிறீக?" என்று அலுத்துக்கொண்டு விசில் கொடுத்தார். அடுத்த வாரங்களில் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு நிற்காமலே போகப் பழகிவிட்டார். ஒரு ஞாயிறு நிஜமாகவே பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவரையும் வகுப்பு ஆள் என்று நினைத்து ஏற்றாமல் போய்விட்டார்கள். அவர் எங்களைத் திட்டிக்கொண்டே அடுத்த பஸ் வரும்வரை பிரசென்ட் டென்ஸ் கேட்டார்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு அந்த அதிகாரியின் ஜீப் அந்த வழியாக வந்தது. கொஞ்ச தூரம் போய், நின்று, பின்னால் வந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் இறங்கவில்லை. பலகையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?"

அக்கா, "ஓம் சார், பஸ்ஸுக்குத்தான்" என்றார். பிள்ளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

"ஆறு மணிக்குள்ள உள்ள போயிரணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார்.

இரண்டு தாளும் தேறினேன். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, பாஸ். முடிவு வந்த அன்று சாத்தூரிலிருந்து காராச்சேவு வாங்கிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. ஒரு பிள்ளையிடம் சொல்லியனுப்பிவிட்டு நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் வெளியே வந்தார்கள். பொட்டலம் பிரித்த வேகத்தில் காலியானது. அக்காவுக்குத் தூள்தான் மிஞ்சியது.

இப்போது அந்த அச்சகத்தில்தான் வேலை. வெளி மாநில ஆர்டர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது நான்தான். இடையில் அரசுத் தேர்வுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். என்னைவிட எவ்வளவோ படித்த அக்கா அதே கம்பெனியில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி மடிக்கிறார். அவர் எழுத முடியாத தேர்வை, அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் எழுதப்போகிறேன். இதில் சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவரிடம் ஒருநாள் சொன்னதற்கு, முதலில் பாஸாகுங்கோ, பிறகு கவலைப்படலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இன்றும் பஸ் நிறுத்தத்தில்தான் நடக்கிறது. வெளியே நடப்பதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சிலர் வந்து உட்காருகிறார்கள். பலகையின் கழன்ற காலை நான்தான் ஆணி அடித்துச் சரிசெய்தேன். இடமில்லை என்றால் ஆளை வெளியே அனுப்புவதைத்தான் நான் எங்கும் பார்த்திருக்கிறேன். ஓர் ஆள் வெளியே நிற்கிறான் என்று வகுப்பையே வெளியே தூக்கிக்கொண்டு வந்தவர்களை அந்த நிறுத்தத்தில் மட்டும்தான் பார்த்தேன்.