டார்ச் பிடிக்க ஓர் ஆள்

இந்த நகரத்தில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் குழாய்க்காரம்மாவின் கையில் பிறந்தவர்கள். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான். எங்கள் தெருவில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் யாராவது தலையை எண்ணக் கிளம்புவதாக இருந்தால், எங்கள் கட்டடத்தில் இரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று என் பேரன். நான் மார்தட்டிக்கொள்ள அது போதும்.

பிரசவம் பார்க்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவள் முதலில் போவது கர்ப்பிணியிடம் அல்ல, குளியலறைக்கு. வெந்நீர்க் குழாயைத் திறந்து புறங்கையில் தண்ணீரை வாங்குவாள். சுவரில் காதை வைத்து, உள்ளே ஓடும் குழாயின் சத்தத்தைக் கேட்பாள். "தண்ணி நல்லா வருது. பிள்ளைக்கு மட்டும் என்ன வந்துச்சு, அதுவும் வரும்" என்று அறிவித்துவிட்டுத்தான் கையைக் கழுவுவாள்.

தோளில் இரண்டு பைகள். ஒன்றில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கும் கருவி, கையுறை, கத்தரி, மருந்து. மற்றதில் ஸ்பானர், வாஷர், வெள்ளை டேப், அடிவாங்கிய ஒரு டார்ச். இரண்டும் ஒரே கறுப்பு. என்றைக்காவது மாற்றி எடுத்துப் போய்விடப் போகிறாய் என்றேன். "போயிருக்கேனே! ஒரு வீட்டுல சிங்க் அடைப்பு எடுக்கப் போய்ப் பையைத் திறந்தா உள்ள ஸ்டெதாஸ்கோப். சும்மா வருவானேன்னு சிங்க்குக்கு நாடி பாத்துட்டு வந்தேன்." நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டாள். குளியலறை வாளியைக் கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் சப்பென்று உட்கார்வாள். மணிக்கணக்கில் அப்படியே இருப்பாள்.

அவளுடைய முதல் தொழில் குழாய் வேலை. அண்ணன் வேண்டாமென்று ஓடிவிட்டதால் அப்பாவின் ஸ்பானர் தங்கை கைக்கு வந்தது. ஒருநாள் ஹீட்டர் பழுது என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. போனால், உள்ளறையில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி. வலி தணிய அவள் உட்காரவேண்டிய தொட்டித் தண்ணீரோ சில்லென்று கிடக்கிறது. நம்மவள் ஒரு கையால் ஹீட்டரைச் சரிசெய்தாள், மறு கையால் பிள்ளையை வாங்கினாள். பிள்ளை வாயைத் திறந்த அதே நொடியில் குழாயும் வாயைத் திறந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் சொல்லும் கதை இது. "போதும்மா! விட்டா, குழாய்க்கும் நான்தான் தொப்புள்கொடி வெட்டினேன்னு சொல்லுவீங்க" என்பாள். சரி, நடந்ததை நீதான் சொல்லேன் என்றால் வாளியிலிருந்து எழுந்துவிடுவாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் கை வைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்த பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மருத்துவச்சிப் படிப்பு படித்தாள். பகலில் வகுப்பு, சாயங்காலம் குழாய். "பரீட்சைக்கு நகத்துல கிரீஸோட போய் நின்னேன். வெளிய போய் நல்லா கழுவிட்டு வான்னாங்க. கழுவினா போற அழுக்கா அது?" பிறகு ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் சில வருஷங்கள். வேலை பிடித்திருந்தது, அந்தக் கதவுதான் பிடிக்கவில்லை. "சொந்தக்காரங்களை வெளிய நிக்க வெச்சு டப்புனு சாத்திடுவாங்க. அந்தப் பக்கம் நிக்கிறவங்க பாதி உசுரா நிப்பாங்க. அவங்களை யாரு பாக்கிறது?" அந்தக் கேள்விதான் அவளை வீடு வீடாகப் போகும் மருத்துவச்சியாக்கியது.

அவளோடு கூட்டாக வேலை பார்ப்பவள் ஒரு காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். நாங்கள் பஸ்காரம்மா என்போம். இன்னொருத்தி கோர்ட்டில் டைப் அடித்தவளாம். "நேரா இந்த வேலைக்குன்னு வந்தவ எங்கள்ல யாருமில்ல. எல்லாரும் வேற எங்கயோ போற வழியில ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தவங்கதான். பாத்துட்டுத் திரும்பிப் போகத் தெரியல" என்றாள் குழாய்க்காரம்மா.

என் கடைக்குட்டிக்கு முதல் கர்ப்பம் கலைந்துபோனது. இரண்டாவது தங்கியபோது, வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுச் சரியென்றார். என்னைக் கேட்கவில்லையே என்று யாரும் வருத்தப்படவில்லை.

வலி கண்ட அன்று நல்ல உச்சிவெயில். பஸ்காரம்மா என் மகளின் பக்கத்தில் இருந்தாள். குழாய்க்காரம்மா துடிப்பைக் கேட்டுவிட்டு வந்து என் தோளைத் தொட்டாள். "பெரியம்மா, உங்க வீட்டுக் குழாய் ஒழுகுதே, கவனிக்கிறதில்லையா? வாங்க, கொஞ்சம் டார்ச் பிடிங்க." சன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்த குளியலறையில் நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். தொழில்காரிக்கு எவ்வளவு வெளிச்சமும் போதாது போலிருக்கிறது. அவள் குழாயைப் பகுதி பகுதியாகக் கழற்றினாள். "இன்னும் கிட்ட... கையை ஆட்டாதீங்க... ஆ, அப்படித்தான்." நடுநடுவே எழுந்துபோய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். வந்து, "முக்கால்வாசிக் கிணறு தாண்டியாச்சு, நீங்க வெளிச்சத்தைக் காட்டுங்க" என்பாள்.

உள்ளிருந்து பஸ்காரம்மா, "இங்க வா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. குழாய்க்காரம்மா ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளையின் துடிப்பு இறங்கியிருந்தது.

மகளை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். "தம்பி, காரை வாசல்ல கொண்டுவந்து நிறுத்துங்க" என்று குழாய்க்காரம்மா என் மருமகனிடம் சொன்னது காதில் விழுந்தது. "ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சு. அடுத்த வலி முடிஞ்சும் துடிப்பு ஏறலேன்னா கிளம்பறோம். அதுல பேச்சே கிடையாது." போகிற போக்கில் என் பக்கம் தலையை நீட்டினாள். "பெரியம்மா, டார்ச்சை அணைச்சிடாதீங்க. வந்துடறேன்."

நான் அணைக்கவில்லை. கழற்றிப்போட்ட குழாயின்மேல் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அப்பால் பிள்ளையின் துடிப்பைக் காட்டும் கருவியின் சத்தம். மிதிக்க மறந்த தையல் மெஷின் மாதிரி இழுத்து இழுத்து ஓடிற்று. மகள் முக்கினாள். பிறகு மெஷினை யாரோ நன்றாக மிதிப்பதுபோல, தடதடவென்று, ஒரே சீராக!

"ஏறிடுச்சு!" என்றாள் பஸ்காரம்மா. கார் வாசலிலேயே நின்றது. இரண்டு வலி கழித்து ஓர் அழுகை. நகரமே திரும்பிப் பார்த்திருக்கும், நம்புங்கள். குழாய்க்காரம்மா வந்தபோது நான் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தேன். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டார்ச்சை எடுத்தாள், குழாயை மாட்டினாள். "பேரனும் வந்தாச்சு, ஒழுகலும் நின்னாச்சு. ஒரே கூலிதான், போங்க."

இன்று பிள்ளையை எடை பார்க்க வந்திருக்கிறாள். இதுவரை எழுதியதை அவளுக்கும் மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். குழாய்க்காரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"அம்மா, எல்லாத்தையும் தப்பா எழுதியிருக்கே. அந்த முதல் வீட்டுல அவங்க பிள்ளையைத் தொடவே இல்ல. பிரசவத்துக்கு இருந்த பொண்ணோட அம்மா ஒப்பாரி வெச்சு வீட்டையே கலக்கிட்டிருந்தாங்களாம். இவங்க அந்தம்மா கையில டார்ச்சைக் கொடுத்து, ஹீட்டர்கிட்ட வெளிச்சம் காட்டச் சொன்னாங்க. வீடு அடங்கிடுச்சு. பிள்ளையும் பொறந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் அங்க இருந்த மருத்துவச்சி, நீ எங்களோட வாயேன்னு கூப்பிட்டாங்க. எங்கிட்ட அவங்களே சொன்னது."

"இருக்கட்டும்டி. நம்ம வீட்டுக் குழாய்?"

"அது எங்கம்மா ஒழுகிச்சு? நீ நடுங்கின நடுக்கத்துல எனக்கு முக்க வரல. அதான் நல்லா இருந்த குழாயைக் கழட்டினாங்க."

நான் குழாய்க்காரம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பேரனைத் துணித்தூளியில் வைத்து, தொங்கு தராசின் கொக்கியில் மாட்டி, மேல்பிடியை என் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் அசையாம பிடிங்க பெரியம்மா."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.