மெஷினின் இடது கை

கெட்டுப்போன சர்க்யூட் போர்டு வந்தால் எனக்குக் கவலையில்லை. நன்றாக இருக்கிற போர்டு வந்தால்தான் உயிர் போகும். கெட்டதில் ஏதாவது ஒன்று கருகியிருக்கும், இல்லையென்றால் வீங்கியிருக்கும். இன்வெர்ட்டர் போர்டாக இருந்தால் பல்லி ஒன்று குறுக்கே விழுந்து செத்துக் காய்ந்து கிடக்கும். கெட்டதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. நல்ல போர்டு அப்படியில்லை. என் மேசையில் எத்தனை முறை சோதித்தாலும் சமர்த்தாக வேலை செய்யும். வீட்டுக்குப் போனதும் மக்கர் பண்ணும். நீங்க பார்த்த லட்சணம் இதுதானா என்று கேட்டுக்கொண்டு மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் வேலை பார்த்தவள் நான். பாஸ், ஃபெயில், பாஸ், பாஸ் என்று நாள் முழுக்க அதுவே. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கித் தூங்கி முதுகு போனதுதான் மிச்சம். போதும்டா சாமி என்று ஊருக்குத் திரும்பி, செங்கம் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு இளநீர்க் கடைக்கும் நடுவில் கடை போட்டேன். மிக்ஸி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களின் சார்ஜர் என்று எது வந்தாலும் பார்ப்பேன். பௌர்ணமி என்றால் மலை சுற்ற ஊருக்கு ஜனம் வரும், எனக்கு இன்வெர்ட்டர் வரும். எல்லா லாட்ஜும் நிரம்பி வோல்டேஜ் கம்மியாகி, ஊரில் உள்ள அத்தனை போர்டும் ஒன்றாகச் சேர்ந்து படுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் இன்றைக்கே கொடு என்பார்கள். அந்த வாரத்தில் என்னிடம் யாராவது சிரித்துப் பேசினால்கூட எரிச்சல் வரும்.

அப்படியொரு பௌர்ணமிக்கு முன்னால்தான் டிரைவர் அண்ணாவின் போன் வந்தது. அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே வீடு. அவரும் அவர் மனைவியும் மட்டும் கீழே இருந்தார்கள்; அவரை நான் அக்கா என்பேன். மாடியில் நெடுநாள் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பெங்களூரில் இழுத்து மூடிய ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து பழைய பின்பால் மெஷின் ஒன்றை வாங்கி லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது அதை அண்ணாவிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டில் நீளத்துக்கு ஒரு சாய்வு மேசை. மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புக் குண்டு. குண்டு எங்கெங்கோ முட்டி மோதி, விளக்கெல்லாம் எரியவிட்டு, உருண்டு கீழே வரும். அப்போது மேசையின் இரண்டு பக்கமும் உள்ள பட்டனை அழுத்தினால் சின்னத் துடுப்பு இரண்டு எழும்பி அதை மேலே தட்டிவிடும். தவறவிட்டால் குண்டு குழிக்குள் போய்விடும். அந்தத் துடுப்புக்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. அண்ணா வைத்த பெயர் கை. இடது கை, வலது கை. அக்காவும் அப்படியே சொல்வார், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்காது என்று சொல்லிக்கொண்டு காலையில் ஒரு ஆட்டம், மதியம் தூங்கி எழுந்ததும் ஒரு ஆட்டம் ஆடுவார். முன்பொரு தடவை வலது கை மொத்தமாக நின்றபோது போர்டில் ஒரு டிரான்சிஸ்டரை மாற்றிக் கொடுத்திருந்தேன். பட்டனை அழுத்தினால் செய்தி போர்டுக்குப் போகும், போர்டில் உள்ள டிரான்சிஸ்டர் கரண்டைத் திறந்துவிடும், கை எழும்பும். இவ்வளவுதான் விஷயம். அதற்கே என்னை டாக்டர் மாதிரி வைத்துப் பார்த்தார்.

"எடது கை சரியில்லம்மா" என்றார் போனில்.

"மொத்தமா நின்னுடுச்சா, இல்ல லேட்டா ஏந்துக்குதா?"

"லேட்டாதான். செல சமயம் நான் சொல்றதையே கேக்க மாட்டேங்குது."

எந்தக் கையைச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. அவருடைய சொந்தக் கை அன்று காலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டராக இருக்கும், போர்டைக் கழற்றி அனுப்புங்கள் என்று நான் சொன்னேன்.

மதியம் அக்கா வந்தார். பழைய துண்டில் போர்டைச் சுற்றி, ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு சொல்லச் சொல்ல நான்தாம்மா கழட்டினேன். அவரால ஸ்க்ரூ புடிக்க முடியல. நழுவுது நழுவுதுன்னு என்மேல எரிஞ்சு விழறாரு. நான் என்னத்தக் கண்டேன் இந்த ஒயரு எழவெல்லாம்."

"சூடு ஜாஸ்திக்கா. வேர்த்திருக்கும்" என்றேன். என் மேசையில் நாலு இன்வெர்ட்டர் போர்டு வரிசையில் கிடந்தன. ஒரு லாட்ஜ் மேனேஜர் வாசலில் நின்றபடி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம்தான் அந்தப் போர்டை எடுக்க முடிந்தது. சோதிக்கும்போது மெஷினின் இரண்டு கைகளுக்குப் பதிலாக இரண்டு பைக் பல்பு மாட்டி, இந்தப் பக்கம் பட்டனுக்குப் பதிலாக இரண்டு சுவிட்ச் வைத்திருப்பேன். இடது சுவிட்சைத் தட்டினேன், இடது பல்பு எரிந்தது. வலது சுவிட்சைத் தட்டினேன், வலது பல்பு எரிந்தது. இரண்டும் ஒரே வெளிச்சம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் போர்டைத் தட்டியபடியே மறுபடி பார்த்தேன். இடது பக்கம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்குச் சலிப்பாக இருந்தது. இது இழுத்தடிக்கிற கேஸ் என்று நினைத்துக்கொண்டு கனெக்டரைச் சுத்தம் பண்ணி வைத்தேன்.

மறுநாள் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார். மாட்டிப் பார்த்துவிட்டு அண்ணா போன் செய்தார்.

"அப்படியேதாம்மா இருக்குது. இன்னும் மோசம்."

"போர்டு நல்லாருக்கேண்ணா. டெஸ்ட்ல எல்லாம் பாஸ்."

"நீதானே சொல்லியிருக்கே, மேசையில பாஸ் ஆவும், மெஷின்ல போய் ஃபெயில் ஆவும்னு."

சொல்லியிருக்கிறேன். வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்கிற டயலாக்தான். அவர் பேச்சு கொஞ்சம் குழறியது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன். மறுபடி அனுப்புங்கள் என்றேன். பாவம், அக்கா அதே கட்டைப்பையோடு அதே பஸ்ஸில் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஹேர் டிரையரால் போர்டைச் சூடேற்றிச் சோதித்தேன். சூட்டில் மட்டும் படுத்துக்கொள்கிற டிரான்சிஸ்டர்கள் உண்டு. இது படுக்கவில்லை. இடது பல்பு கண் கூசுகிற மாதிரி எரிந்தது. ராத்திரி சாப்பிடும்போதுகூட எதை விட்டுவிட்டோம் என்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, போர்டையும் ஒரு புது டிரான்சிஸ்டரையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் நானே கிளம்பினேன். மறுநாள் பௌர்ணமி. பாதை நெடுக டீக்கடைக்கும் பொம்மைக் கடைக்கும் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தர்பூசணி வண்டி குறுக்கே நின்றது, ஹாரன் அடித்து அடித்து விரல் வலித்தது. இந்த ஒரு போர்டுக்கு இவ்வளவா என்று எனக்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன்.

அண்ணா மெஷின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் வாசல்வரை வந்து வரவேற்கிறவர், அன்று எழுந்திருக்கவில்லை.

"வாம்மா. அதுக்கு எம்மேல ஏதோ கோவம்" என்று சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகப் போனது.

"வெத்தல ஜாஸ்தியாயிடுச்சு போலருக்கு" என்றேன்.

"அவரு எங்க வெத்தல போடுறாரு. டாக்டரு பிரஷர்னு சொன்னப்பவே எல்லாத்தையும் நிறுத்தியாச்சு" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

அதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே போர்டை மாட்டினேன். புத்தி மெஷினுக்குள் போய்விட்டால் காது வெறும் ஓட்டைதான்.

அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு சோதனை இருக்கிறது. முன் கதவைத் திறந்து அதைப் போட்டுவிட்டால், எந்தப் பட்டன் அழுந்துகிறதோ அதன் பெயர் மேலே ஸ்கோர் காட்டும் பலகையில் ஒளிரும். அழுந்தவில்லையென்றால் ஒன்றும் வராது. கோளாறு பட்டனிலா போர்டிலா என்று அதில் தெரிந்துவிடும். சோதனையைப் போட்டுவிட்டு அண்ணாவை எழுந்து வரச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடது கால் செருப்பு அங்கேயே கழன்று கிடந்தது, அவர் கவனிக்கவில்லை.

"வலது பட்டன் அழுத்துங்கண்ணா."

அழுத்தினார். பலகையில் வந்தது.

"இப்ப எடது."

ஒன்றும் வரவில்லை.

"அழுத்துங்கண்ணா."

"அழுத்திட்டேன்."

"இன்னும் வரலியே."

"அழுத்திட்டுதாம்மா இருக்கேன்."

பட்டனில்தான் கோளாறு, அப்பாடா, கண்டுபிடித்தாகிவிட்டது என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். குனிந்து பார்த்தேன். அவர் விரல் பட்டன்மேல் இருந்தது. சும்மா இருந்தது. அழுத்துகிற விரலில் நகம் வெளுக்கும். இவர் நகம் வெளுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, இங்க வாங்க" என்றேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. அக்கா வந்து, நான் சொன்னபடி அந்த இடது பட்டனை ஒரு விரலால் தொட்டார். பலகையில் உடனே பெயர் எரிந்தது. ஆட்டத்துக்கு மாற்றி இன்னொரு தடவை அழுத்தச் சொன்னேன். மெஷினின் இடது கை டப்பென்று எழும்பியது.

அண்ணா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் இரண்டு கையையும் நீட்டினேன். "ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிங்கண்ணா." அவர் வலது கை பிடித்த இடத்தில் எனக்கு வலித்தது. இடது கை பிடித்த இடத்தில் ஈரத்துணி சுற்றினாற்போல இருந்தது. இந்த மனுஷன் முந்தாநாள் காலையிலிருந்து இப்படி இருக்கிறார், நான் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"போர்டு நல்லாருக்குண்ணா. பட்டனும் நல்லாருக்கு. கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"படுத்தது சரியில்லம்மா. மரத்துப்போயிருக்கு, அவ்ளோதான்."

"அண்ணா."

"அந்தச் சின்ன சாமான் எடுத்தாந்திருக்கியா? ஒரு வாட்டி மாத்திட்டுத்தான் பாரேன். மாத்தியும் ஏந்துக்கலன்னா வரேன்."

டிரான்சிஸ்டர் என் பையில்தான் இருந்தது. பத்து நிமிஷ வேலை. அவர் முகத்தில் அப்படியொரு கெஞ்சல் இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் கேட்கிறார் என்று எனக்கும் தெரிந்தது. முடியாது என்று சொன்னேன். அக்காவுக்குத்தான் இன்னும் விளங்கவில்லை. மெஷின் சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு ஆஸ்பத்திரி என்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கைய்யிக்கா. அவரு கை" என்றேன்.

அக்கா அவருடைய இடது கையை எடுத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அவருக்குச் சட்டை எடுத்துவந்தார். இடது கையை அக்காதான் பிடித்து உள்ளே நுழைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ எடுத்தார். பந்தல் போடுகிறவர்களிடம் கத்திக் கத்தி வழி வாங்கிக்கொண்டு போனோம். அண்ணா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பள்ளத்திலும் அது நழுவியது. ஒவ்வொரு தடவையும் அவரே எடுத்து வைத்தார்.

பெரியாஸ்பத்திரியில் உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு ஒரு டாக்டர் எங்களிடம் வந்தார். சின்ன வயசுப் பெண். தூங்கி ரொம்ப நேரம் ஆன முகம். அதட்டவில்லை, மெதுவாகத்தான் பேசினாள்.

"ஸ்ட்ரோக்தாம்மா. எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"முந்தாநாள் காலையிலேருந்து" என்றார் அக்கா. "அன்னிக்குதான் எடது கை ஏந்துக்கலைன்னு சொன்னாரு."

"சொன்னாரா? அப்பவே வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாமே. அது ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துக்குள்ள போடணும். இப்ப போட முடியாது. கை எவ்ளோ திரும்பி வரும்னு போகப் போகத்தான் தெரியும்." பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள். "ரெண்டு நாளா என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அவரைவிட எனக்குத்தான் இது நன்றாகச் சொல்ல வரும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம் மேடம்" என்றார் அக்கா.