சல்வீனா பார்க்காத அறை

எங்கள் மால்டாத் தீவில், வாக்கு எண்ணும் மண்டபத்தில் எண்ணுவோருக்கும் கட்சிக்காரர்களுக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு ஒன்று உண்டு. அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு வாக்குச்சீட்டையும் நோட்டமிடுவதும், ஐயம் எழுந்தால் தட்டிக் கூச்சலிடுவதும் கட்சி முகவர்களின் வேலை. மார்சஷ்லொக் துறைமுகத்தில் பித்தான் கடை வைத்திருந்த சல்வீனா, விதவையான ஆண்டிலிருந்து அவ்வேலையைச் செய்து வந்தார். செவுளைத் தூக்கிப் பாராமல் மீன் வாங்க மாட்டார். பாதிரியார் தந்த மெழுகுவர்த்தியையும் முகர்ந்து பார்த்தே ஏற்றுவார். ஆகவேதான், "உங்க ஓட்டை எண்ணினதை நான் பாத்தேன்" என்று அவர் சொன்னால் தெரு நம்பியது. அந்தச் சொல்லைத் தவிர அவருக்கு வேறு பெருமை இல்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. தெருவில் பலர் காவல் நிலையத்துக்குச் சென்று வாக்களிக்கத் தேவையான தம் வாக்காளர் சீட்டை வாங்கவே இல்லை. வாங்காமல் விடுவதுதான் இங்கே கோபத்தைக் காட்டும் முறை. அக்கோபத்தைத் தணிக்க வேட்பாளர் ஒரேஸ்டே, பேண்டு வாத்தியக் கழகத்தின் தேநீர்க்கூடத்துக்கு வந்தார். வழக்கறிஞர் என்பதால் ஊர் வழக்கப்படி அவர் எல்லாருக்கும் 'டாக்டர்'.

"இந்தத் தடவை ஒவ்வொரு கூட்டணியும் தலைவர் பேரை முன்னாடியே சொல்லிடுச்சு. முதல்ல வர்ற கூட்டணியோட ஆளுதான் பிரசல்ஸ்ல ஐரோப்பிய ஆணையத் தலைவர். தேர்ந்தெடுக்கப் போறது நீங்கதான், அக்கா!"

"நாட்டுத் தலைவருங்க கதவைச் சாத்திக்கிட்டு வேற ஆளைக் கொண்டுவந்தா?" என்று கேட்டார் சல்வீனா.

"நாடாளுமன்றத்துல எதிர்த்து ஓட்டு போடுவேன். மாதா மேல சத்தியம்."

"மாதாவை விடுங்க டாக்டர், அவங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார் மீனவர் வென்சு, வாயில் பஸ்டிட்சிப் பலகாரத்தை அடக்கிக்கொண்டே. "சல்வீனாக்கா சொல்லட்டும்."

சல்வீனா ஒரேஸ்டேயை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "போய்ச் சீட்டை வாங்குங்க. இவர் சொன்னதுக்கு நான் பொறுப்பு" என்றார். தெரு போய் வாங்கியது, வாக்களித்தது. ஒரேஸ்டே வென்றார், அவருடைய கூட்டணியும் முதலில் வந்தது.

சில வாரங்களில், பூட்டிய அறைக்குள்ளிருந்து எவரும் கேள்விப்படாத ஒரு பெயர் வெளிவந்தது. நாடாளுமன்றம் சொற்ப வித்தியாசத்தில் அதற்குத் தலையசைத்தது. கோயில் திருவிழாவன்று ஒரேஸ்டே ஊருக்கு வந்தார்.

"நான் எதிர்த்துத்தான் போட்டேன், அக்கா."

"யார் பாத்தது?"

"அது ரகசிய வாக்கெடுப்பு. விதி அப்படி."

"என் ஓட்டும் ரகசியம்தான். எண்ணும்போது கண்ணாடி இருக்கு. உங்க கைக்கு எங்க கண்ணாடி?" அவர் குரல் உயரவில்லை. "ஓட்டுக்கு முந்தின நாள் வானொலியில உங்களைக் கேட்டப்போ, 'இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்'னு சொன்னீங்களே. சத்தியம் பண்ணினவருக்கு என்ன யோசனை?"

ஒரேஸ்டே பட்டாசுப் புகையைக் கையால் விலக்கினார். அவர் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஆனால் வென்சு, "அக்கா, நம்ம ஓட்டை எண்ணினதைப் பாத்தீங்க. வித்ததைப் பாத்தீங்களா?" என்று சிரித்தபோது தெருவும் சிரித்தது. அன்று முதல் சல்வீனா தேநீர்க்கூடத்துப் பக்கம் வருவதில்லை.

அடுத்த தேர்தலில் ஒரேஸ்டே ஆதரவு கேட்டுச் சல்வீனாவின் கடைக்கே வந்தார். சல்வீனா பித்தான்களைத் தரம் பிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கிட்ட சத்தியம் வேண்டாம். வானொலியில சொல்லுங்க. சொன்ன பேரைத் தள்ளினா எதிர்ப்பேன், அந்த ஓட்டை எல்லாரும் பாக்கிற மாதிரி கைதூக்கிப் போடணும்னு கேப்பேன்னு."

ஒரேஸ்டே வானொலியில் சொன்னார், மேடைப் பேச்சுப் போல முழங்கியே சொன்னார். சல்வீனா கடைசி வரை கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கு. கைதான் தெரியல" என்று வானொலியை அணைத்தார்.

சீட்டு வழங்கும் கடைசி நாளன்று அவர் காவல் நிலையத்துக்குப் போய்த் தமது சீட்டை வாங்கினார். வாசலில் வென்சு உள்ளிட்ட தெருக்காரர்கள் காத்திருந்தனர்.

"அப்போ நாங்களும் வாங்கலாமா, அக்கா? நீங்க பொறுப்பா?"

"கண்ணாடி வரைக்கும் நான் பொறுப்பு" என்றார் சல்வீனா. "அதுக்கு அந்தப் பக்கம் நீங்களே பாத்துக்குங்க."

வென்சு தலையைச் சொறிந்தார். பின்பு முணுமுணுத்துக்கொண்டே நிலையத்துக்குள் நுழைந்தார்.